ஆள் இருக்கிற வீட்டை வாங்கலாமா?

2025 பெப்ரவரியில் ஒரு நாள் இரவு அண்ணா எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் போட்டார். "பேர்லின், குறொய்ஸ்பேர்க். பல்லினக் கலாசாரமும் கலைஞர்களும் நிறைந்த துடிப்பான வட்டாரத்தில் நவீன வீடு. இரண்டு அறை, 57 சதுர மீற்றர், மரத்தளம், பல்கணி. 330,000 யூரோ." அதற்குக் கீழே அண்ணா எழுதியிருந்தது: "எங்கட பழைய றோட்டு!!"

ஐந்து நிமிடத்தில் அம்மாவின் குரல்பதிவு வந்தது. முப்பது வருசமாக வாடகை கட்டிக் களைத்துப் போனம், இப்பவாவது சொந்தமாக ஒரு வாசல் வேணும், நாளைக்கே போன் பண்ணுங்கோ. இதைச் சொல்ல மூன்று நிமிடம் எடுத்தா. அப்பா வழக்கம்போல ஒரு பெருவிரல் மட்டும் போட்டார்.

என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது வீடு பார்க்கிறார்கள். பேர்லினில் மட்டுமல்ல, பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், லண்டன், ரொறன்ரோ எங்கும் இதே கதைதான். கலியாண வீட்டில் ஒரு மேசையில் நாலு பேர் இருந்தால் அதில் இரண்டு பேர் வங்கி வட்டி பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் வீடுகளில் வீடு வாங்குவதென்றால் மூன்று விசயம் பேசப்படும்: விலை, வட்டி, வாசல் எந்தப் பக்கம். நாலாவதாக ஒன்றும் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

அண்ணா போட்ட விளம்பரத்தில் பத்துப் படங்கள் இருந்தன. வெள்ளைச் சுவர், பளபளக்கும் தளம், சாம்பல் நிறச் சோபா, சுவரில் யாரோ கிறுக்கியது போன்ற ஒரு ஓவியம். ஒன்றுகூட உண்மையான படம் அல்ல. எல்லாம் கணினியில் வரைந்தவை. படத்தின் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், "இப்படியும் அமைக்கலாம்" என்று இருந்தது. விபரப் பட்டியலில் கட்டட ஆண்டு, சூடாக்கி வகை, மாதாந்தப் பராமரிப்புக் காசு எல்லாம் தாண்டிக் கடைசி வரியில் ஒரு சொல்: "வெர்மீற்றெட்". வாடகைக்கு விடப்பட்டுள்ளது. அண்ணா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்தும் பேசாமல் இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்த றோட்டில் ஆசை இருந்தது.

நான் பிறந்தது 1994இல். அப்போது நாங்கள் அந்த வீதியிலேயே, பின்கட்டில், நாலாம் மாடியில் இருந்தோம். ஓட்டுக்கல் பதித்த பெரிய அடுப்புத்தான் வீட்டுக்குச் சூடு. அப்பா நிலவறையிலிருந்து நிலக்கரிக் கட்டிகளை வாளியில் நிரப்பி நாலு மாடி தூக்கி வருவார். மலசலகூடம் படிக்கட்டின் நடுவில், பக்கத்து வீட்டாரோடு பொதுவாக. அம்மா இன்றைக்கும் அந்த வீட்டைப் பற்றிப் பேசினால் முதலில் குளிரைத்தான் சொல்லுவா. பிறகுதான் கீழே இருந்த துருக்கிக் கடையில் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் வாங்கியதைச் சொல்லுவா. 2001இல் நாங்கள் தெற்கே பிறிற்ஸுக்கு மாறினோம்.

இந்தப் "பல்லினக் கலாசாரம்" எப்படி வந்தது என்று விளம்பரம் எழுதியவருக்குத் தெரியுமோ தெரியாது. 1961இல் மதில் எழும்பியபோது குறொய்ஸ்பேர்க்கின் கிழக்குப் பாதி மூன்று பக்கமும் மதிலுக்குள் மாட்டிக்கொண்டது. நகர நடுவாக இருந்த இடம் ஒரே இரவில் முட்டுச்சந்து ஆகியது. அதன் மேல், ஒறானியன் சதுக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெருந்தெரு போடப்போகிறோம் என்று நகரம் திட்டம் வைத்திருந்தது. இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் செலவு செய்வார்கள்? உரிமையாளர்கள் கட்டடங்களை அழுக விட்டார்கள். இடிக்கும் வரைக்கும் யாராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று, துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்த "விருந்தாளித் தொழிலாளர்களுக்கு" வாடகைக்குக் கொடுத்தார்கள். வேறு இடங்களில் அவர்களுக்கு வீடு கிடைப்பது கடினம்.

பிறகு 1975இல் நடந்தது இன்னும் விசேசம். வெளிநாட்டவர் கூடிவிட்டார்கள் என்று சொல்லி, குறொய்ஸ்பேர்க், வெடிங், தியர்கார்ட்டன் ஆகிய மூன்று வட்டாரங்களுக்கும் வெளிநாட்டவர் புதிதாகக் குடிபோக மேற்கு பேர்லின் தடை போட்டது. அங்கே குடியிருக்க அனுமதியில்லை என்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்கள். அன்றைக்கு முத்திரை குத்தித் தடுத்த அதே சங்கதி இன்றைக்கு விளம்பரத்தின் முதல் வரியில் நிற்கிறது, விலையை ஏற்றுவதற்கு.

கலைஞர்கள் வந்ததும் வாடகை குறைவாக இருந்ததால்தான். மறியானன் சதுக்கத்தில் பெத்தானியன் என்ற பழைய மருத்துவமனை இருக்கிறது. அதையும் இடிக்க இருந்தார்கள், சனம் எதிர்த்து நின்று காப்பாற்றியது. 1970களில் அது ஓவியர்களின் வேலைக்கூடம் ஆனது. 1981 அளவில் மேற்கு பேர்லினில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வெற்றுக் கட்டடங்களில் இளைஞர்கள் புகுந்து இருந்தார்கள், அதில் பெரும்பங்கு குறொய்ஸ்பேர்க்கில். அவர்களும் துருக்கிக் குடும்பங்களும் பிடிவாதமாக நின்றார்கள். பெருந்தெருத் திட்டமும் செத்தது. ஹார்ட்-வால்ற்றர் ஹெமர் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில், இடிக்காமல், இருப்பவர்களை எழுப்பாமல் வீடுகளைத் திருத்தும் வேலையும் நடந்தது.

கலை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கூவ்றி வீதிச் சுவர்கள். ஸ்ப்ரே ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி, அதை ஒட்டிய இரண்டு கட்டடச் சுவர்களில் இத்தாலிய ஓவியர் புளு 2007இலும் 2008இலும் வரைந்த இரண்டு பெரிய படங்கள். ஒன்றில் தலையில்லாத ஒரு மனிதன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்கிறான். இரண்டு கையிலும் தங்கக் கைக்கடிகாரம், அவை இரண்டையும் ஒரு சங்கிலி விலங்கு மாதிரி இணைக்கும். நகரத்துக்கு வந்த உல்லாசப் பயணிகள் எல்லாம் அதன் முன் நின்று படம் எடுத்தார்கள். அந்தக் காணியில் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. 2014 டிசம்பரில் ஒரு இரவு இரண்டு படங்களையும் முழுக்கக் கறுப்புப் பூசி மூடினார்கள். செய்தது ஓவியரின் சம்மதத்தோடு. தன் படம் நகரத்தை விற்கும் சரக்காகப் போவதைவிட இல்லாமல் போகட்டும் என்று. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். என் நண்பர்கள் இதைக் கேட்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் அந்தக் கறுப்புச் சுவரைப் பார்க்க இரண்டு தரம் போனேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

பார்க்கப் போனது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். அம்மா, அண்ணா, நான். முகவர் கீழே வாசலில் நின்றார். மேலே ஏறும்போது மெதுவாக, நல்ல செய்தி சொல்லுகிற குரலில் சொன்னார்: "வாடகைக்கு இருப்பவருக்கு 78 வயது. காலம் பார்த்துக்கொள்ளும்." அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு டொச் அவ்வளவு வேகமாக விளங்காது. அப்படித்தான் நான் அப்போது நினைத்தேன்.

கதவைத் திறந்தது ஒரு துருக்கிய அம்மா. குறொய்ஸ்பேர்க்கில் வளர்ந்த எங்களுக்கு அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் "தெய்சே", எங்கள் மாமி போல. கணினிப் படத்தில் சாம்பல் சோபா இருந்த இடத்தில் பின்னல் விரிப்புப் போட்ட பழைய கதிரைகள். கிறுக்கல் ஓவியம் இருந்த இடத்தில் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள். பல்கணியில் மிளகாய் நாற்றுக்கென்று வெறும் தயிர் வாளிகளை அடுக்கி வைத்திருந்தா. முகவர் அறைகளின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவ எங்களுக்குத் தேநீர் ஊற்றினா. அம்மா வேண்டாம் என்று சொல்லாமல் இருந்து குடித்தா.

தெய்சே 1970இல் 23 வயதில் வந்தவ. வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. இந்த வீட்டுக்குக் குடிவந்தது 1973இல். குளியலறை வைத்தது 1984இல், அதுவும் குடியிருந்தவர்கள் கூட்டம் கூட்டி எங்கே வைப்பது என்று தாங்களே முடிவு செய்து. கணவர் இறந்தது இந்த வீட்டில். 2014இல் இந்த வீடு முதல்முறை தனி வீடாக விற்கப்பட்டபோது இவவுக்கும் ஒரு கடிதம் வந்ததாம், விரும்பினால் நீங்களே வாங்கலாம், இரண்டு மாதம் தவணை என்று. சட்டப்படி அப்படித்தான். "ஓய்வூதியக்காரியிடம் யார் கடன் தருவார்கள்?" என்று கேட்டுச் சிரித்தா.

நாங்கள் வாங்க வந்தவர்கள் என்பது அவவுக்குத் தெரியும். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, எந்த நாடு என்று மட்டும் கேட்டா.

அன்று இரவு நான் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பழக வேண்டும், அதனால் முழுதாகத் தருகிறேன். விலை 330,000. அதற்கு மேல் பேர்லினில் வீடு வாங்கும் வரி 6 வீதம், நோட்டாருக்கும் காணிப் பதிவுக்கும் ஏறக்குறைய 2 வீதம், முகவருக்கு எங்கள் பங்கு 3.57 வீதம். எல்லாம் சேர்த்து 38,000க்குக் கொஞ்சம் மேல். இந்த 38,000உம் வீட்டுக்குள் போகாது, காற்றில் போகும். அம்மா அப்பாவின் சேமிப்பு, அம்மாவின் சீட்டுக் காசு, அண்ணாவினது, என்னுடையது எல்லாம் சேர்த்து 108,000. மிச்சம் 260,000 கடன். வங்கி சொன்ன வட்டி 4 வீதம், அதாவது முதல் வருசம் வட்டி மட்டும் 10,400 யூரோ.

தெய்சே கட்டும் வாடகை, சூடாக்கிச் செலவு இல்லாமல், மாதம் 420. வருசம் 5,040. வட்டியில் பாதிகூட இல்லை.

அப்படியென்றால் இந்த விலை எந்தக் கணக்கில் வந்தது? தெய்சே இருக்கும் வரைக்கும் இந்த வீடு 330,000 பெறாது. தெய்சே இல்லாத வீட்டின் விலையைத்தான், ஒரு சின்னத் தள்ளுபடியோடு, எங்களிடம் கேட்கிறார்கள். அவவை எழுப்பும் வேலையை விற்பவர் செய்யவில்லை. அதை எங்களுக்கு விட்டிருக்கிறார். தள்ளுபடி அந்த வேலைக்கான கூலி.

எப்படி எழுப்புவது? அதற்கும் சட்டம் இருக்கிறது. வாடகை வீடுகளைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால், வாங்கியவர் "எனக்கே தேவை" என்று சொல்லி வாடகைக்காரரை எழுப்ப முடியாத ஒரு தடைக்காலம் உண்டு. பேர்லினில் அது 10 வருசம். 2014இல் முதல் விற்பனை, 2024இல் தடை முடிந்தது, 2025இல் விளம்பரம் வந்தது. இது தற்செயல் இல்லை. தடை முடிந்த பிறகு, உரிமையாளர் தனக்கோ நெருங்கிய உறவுக்கோ தேவை என்று கடிதம் கொடுக்கலாம். எட்டு வருசத்துக்கு மேல் இருந்தவருக்கு 9 மாதத் தவணை. வயது, நோய், நீண்ட காலக் குடியிருப்பு என்று சொல்லி வாடகைக்காரர் எதிர்க்கலாம், அப்போது நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கும். 78 வயதில் 52 வருசம் இருந்த வீட்டுக்காக அவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கத்தில் நாங்கள்.

(2021க்குப் பிறகு, ஐந்து வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடங்களைப் பேர்லினில் இப்படிப் பிரிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும். ஏற்கெனவே பிரித்து முடித்தவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.)

அடுத்த நாள் அண்ணா சொன்னது உங்களில் பலர் வீட்டிலும் கேட்கக்கூடியது. "நாங்கள் வாங்காட்டில் வேற ஆரோ வாங்குவினம். அவையள் எங்களைவிட மோசமாவும் இருக்கலாம். நாங்கள் வாங்கினால் மனுசி இருக்கும் வரைக்கும் இருக்கட்டும் எண்டு விடலாம்தானே." இது அண்ணாவின் நல்ல மனம். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இருக்கவில்லை. பிறகு திரும்பவும் கணக்கைக் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் பிறிற்ஸில் வாடகை கட்டிக்கொண்டு, இங்கே ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து காசு போட்டுக்கொண்டு, ஒரு வயதுபோன மனுசி எப்போது போவா என்று காத்திருப்பது. அண்ணாவுக்கு வேலை போனால்? எனக்குப் பிள்ளை பிறந்தால்? எங்கள் நல்ல மனம் எத்தனை வருசம் தாக்குப் பிடிக்கும்? அம்மா தெய்சேக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் பலகாரம் கொண்டுபோவா. போகும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் மனதில் ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியோடு வாழ எனக்கு விருப்பமில்லை.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சொந்த வீடே வேண்டாம், அது பேராசை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆட்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை அப்படிப் பேசும் ஒரு தோழி எனக்கு உண்டு. அவளுடைய பெற்றோருக்கு ஸ்டுட்காட்டுக்குப் பக்கத்தில் வீடும் ஆப்பிள் தோட்டமும் இருக்கிறது, அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அவள் தாராளமாகப் பேசலாம். பேர்லினில் பத்து வீட்டில் எட்டுக்கு மேல் வாடகை வீடுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பெற்றோருக்கு வீடு என்ற சொல்லின் எடை வேறு.

அப்பா 1984இல் வந்தவர். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃப்றீட்றிக் வீதி ரயில் நிலையம், அங்கிருந்து ரயிலேறி மேற்கு. அடுத்த வருசமே தமிழருக்கு அந்த வழியைக் கிழக்கு ஜேர்மனி அடைத்துவிட்டது. அசூல் அடித்து, ஹைமில் இருந்து, பிறகு குறொய்ஸ்பேர்க்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். அம்மா மயிலிட்டி. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அந்தக் கரையை இராணுவம் 27 வருசம் வைத்திருந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்டது, அடுத்த வருசம் நாங்கள் போனோம். அம்மாவின் வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை. குசினிச் சுவரில் மட்டும் புதிய கரி இருந்தது. "ஆரோ சமைச்சிருக்கினம்" என்றா அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னா.

அதையும் இதையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே துவக்கோடு எடுத்தார்கள். இங்கே நோட்டார் முன்னால் கையெழுத்து, வங்கிக் கடன், சட்டப்படி ஒன்பது மாதத் தவணை. வித்தியாசம் பெரியது. ஆனாலும் எங்கள் வீட்டில் முடிவு எடுத்தது நானோ என் கணக்கோ அல்ல. மூன்றாம் நாள் காலை அம்மா தேத்தண்ணியோடு குசினியில் நின்று கேட்டா: "அவர் காலம் பாத்துக்கொள்ளும் எண்டு சொன்னவரோ?" ஓம் என்றேன். "அப்ப எனக்குச் சரியாத்தான் விளங்கியிருக்கு. வேண்டாம்." அதன் பிறகு அந்த வீட்டின் பேச்சை எடுக்கவில்லை. அண்ணா ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் கருத்து இதுதான். வீடு வாங்குங்கள். அம்மா அப்பாவுக்காக, உங்களுக்காக, வசதி இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். விளம்பரத்தில் கலைஞர், பல்லினம், துடிப்பு என்ற சொற்களைக் கண்டால் அந்தச் சொற்களுக்குள் உங்கள் அப்பா கோப்பை கழுவியதும் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படியுங்கள். வாடகைக்கு ஆள் இருக்கிறதா? எவ்வளவு காலமாக? எவ்வளவு வாடகை? கட்டடம் எப்போது பிரிக்கப்பட்டது, முதல் விற்பனை எப்போது? வாடகையை வட்டியோடு வைத்துப் பாருங்கள். ஆள் எழும்பினால்தான் கணக்குச் சரிவரும் என்றால், அந்த ஆளை எழுப்பப்போவது நீங்கள்தான். முகவர் அல்ல. புதுக் கட்டடம் இருக்கிறது, வெறுமையாக நிற்கும் வீடு இருக்கிறது, விலை கூடத்தான். வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. பங்கு வாங்கி உறுப்பினராகி, எழுப்புவார்களோ என்ற பயமில்லாமல் வாழ்நாள் முழுக்க இருக்கலாம். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் இருபது வயதிலேயே பெயர் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் ஆட்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, சொந்தம் என்று பத்திரத்தில் பெயர் வராது என்பதால். அதைப் பற்றி அடுத்த முறை விபரமாக எழுதுகிறேன்.

அந்த விளம்பரம் ஏப்ரலில் இல்லாமல் போய்விட்டது. விற்றுவிட்டார்களா, எடுத்துவிட்டார்களா தெரியாது. மே மாதம் அந்தப் பக்கம் போனபோது பல்கணியில் தயிர் வாளிகள் இருந்தன. மிளகாய் வைத்திருக்கிறா.

நாங்கள் இப்போது பிறிற்ஸில் தேடுகிறோம். முருகன் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரம் என்பது அம்மாவின் நிபந்தனை. சனிக்கிழமை ஒன்றைப் பார்க்கப் போகிறோம், மூன்று அறை, தரை மாடி, பின்னால் சின்ன வளவும் உண்டு. ஆள் இல்லை. போனில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.